ஐசலேஷன் டிரான்ஸ்போமர்: வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஆறு மாதப் பாவனைக்குப் பின்

ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண் பாடகர்களுக்குப் பின்னால் ஒலிக்கும் தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தி ஏறக்குறைய 98 ஹேர்ட்ஸில் அதிரும். நமது வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், அம்ப்ளிபயருக்குள் உள்ள டிரான்ஸ்போமரின் இரும்பு ஒவ்வொரு சுழற்சிக்கும் இருமுறை அதிர்ந்து 100 ஹேர்ட்ஸில் ரீங்கரிக்கும். இரண்டும் சந்திக்கும்போது நொடிக்கு இருமுறை ஒலி ஏறி இறங்கும். இரவில் ஒலியைத் தாழ்த்தி ஆலாபனை கேட்பவருக்கு அது பெரும் தொல்லை. என்னுடைய அம்ப்ளிபயரில் இந்த ரீங்காரம் சில வேளைகளில் மட்டும் வலுத்தது. தலைமயிர் உலர்த்தியைப் பாதிச் சூட்டில் வைத்தால் அது மின்னலையின் ஒரு பாதியை மட்டுமே இழுப்பதால், இணைப்பில் சிறிதளவு நேரோட்டம் (ஒரே திசையில் பாயும் மின்னோட்டம்) கலந்துவிடும் என்பதையும், வளைய வடிவிலான டொராய்டல் டிரான்ஸ்போமரால் அந்தச் சிறிதளவைக்கூடத் தாங்க முடியாது என்பதையும் பிறகுதான் அறிந்தேன். எங்கள் வீட்டு உலர்த்தியைப் போட்டுப் பார்த்தேன். அம்ப்ளிபயர் உடனே உறுமியது.

இதற்குத் தீர்வாக, சுவர் மின்சாரத்தை நேரடிக் கம்பித் தொடர்பின்றி அம்ப்ளிபயருக்குக் கடத்தும் ஐசலேஷன் டிரான்ஸ்போமர் ஒன்றைப் புறக்கோட்டையில் ஒரு வைண்டிங் கடையில் 1000 விஏ (வோல்ட்-அம்பியர்) அளவில் சுற்றுவித்தேன். முழுவதும் செப்புக் கம்பி. மின்சாரம் உள்ளே வரும் முதற்சுருளுக்கும் வெளியே செல்லும் துணைச்சுருளுக்கும் நடுவே புவியோடு இணைத்த செப்புத் தகடு. விலை 42,000 ரூபாய், எடை 12 கிலோ. நேரோட்டம் துணைச்சுருளுக்குக் கடக்காது என்பதால் அம்ப்ளிபயரின் உறுமல் முதல் நாளே அடங்கிவிட்டது. குளிர்சாதனப் பெட்டி நிற்கும்போது ஸ்பீக்கரில் கேட்ட ‘டக்’ ஒலியும் பெரும்பாலும் மறைந்தது. நேரோட்டத்தின் சுமையை இப்போது புதிய டிரான்ஸ்போமர் சுமக்கிறது. அது மெல்ல ரீங்கரிப்பதால் அறைக்கு வெளியே கதவோரம் வைத்திருக்கிறேன்.

இதை வாங்க எண்ணுபவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஸ்பீக்கருக்குள்ளிருந்தே வந்த முனகலை இது சிறிதும் குறைக்கவில்லை. தொலைக்காட்சிக்கு வரும் கேபிளைக் கழற்றியவுடன் அது நின்றது: கேபிளின் உறையும் அம்ப்ளிபயரின் புவித்தொடுப்பும் சேர்ந்து முனகலைத் தரும் ஒரு மின்வளையத்தை உண்டாக்கியிருந்தன. பாதுகாப்புக்காகப் புவிக்கம்பியை டிரான்ஸ்போமருக்கு அப்பாலும் தொடரச் செய்திருப்பதால் அந்த வளையம் அப்படியே இருந்தது. கேபிளில் பொருத்தும் சிறிய ஐசலேட்டர் ஒன்றே அதற்குப் போதுமாயிற்று. முனகலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் புவிமுள்ளை எவரும் அகற்றிவிட வேண்டாம். அது உயிருக்கே ஆபத்து.

மின்னழுத்தத்தையும் இது சீர்செய்யாது. எங்கள் கட்டடத்தில் முன்னிரவில் 214 வோல்ட் வரை இறங்குகிறது. ஆனால் தாழ்ந்த ஒலியளவில் அதனால் இசையில் எந்த வேறுபாட்டையும் நான் கேட்கவில்லை. உச்ச ஆற்றல்தான் சிறிது குறையும்.

கடையின் வேலைப்பாட்டில் இரண்டு குறைகள் இருந்தன. எங்கள் வீட்டில் சதுரமுள் 13 அம்பியர் சுவர்ப்பொருத்திகள் இருக்க, அவர்கள் பொருத்தித் தந்தது வட்டமுள் 15 அம்பியர் பிளக். அதைவிட முக்கியமானது, முழுச் சுமைக்கு 230 வோல்ட் கிடைக்கும்படி சுற்றியிருந்ததால், என் அம்ப்ளிபயர் மட்டும் தொடுக்கப்பட்டபோது வெளியீடு உள்ளீட்டைவிட ஒன்பது வோல்ட் உயர்ந்து நின்றது. பகலில் 250ஐத் தொட்டது. எந்தச் சாதனத்துக்கு, எவ்வளவு சுமைக்கு என்று சுற்றுபவர் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், நானும் சொல்லியிருக்க வேண்டும். திருப்பிக் கொண்டுபோனபோது மறுப்பின்றித் துணைச்சுருளில் சில சுற்றுகளைக் குறைத்து மூன்று நாளில் தந்தார்கள்.

மின்கசிவு டிரான்ஸ்போமருக்கு அப்பால் ஏற்பட்டால் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் அதை உணராது. ஆகவே நீட்டிப்புப் பலகை வைத்துப் பல சாதனங்களை இதில் தொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்; என் வீட்டில் அம்ப்ளிபயர் ஒன்றுதான் இதில் ஓடுகிறது. நேற்றிரவு பதினொரு மணிக்குப் பக்கத்து அறையில் உலர்த்தி ஓடிக்கொண்டிருந்தபோதும் தம்புராவின் மந்தரத் தந்தி அசையாமல் ஒலித்தது.