விக்ராந்த், விராட்: எந்த இழப்பு பெரிது?

மும்பைத் தமிழர்களில் ஒரு தலைமுறைக்கு விமானந்தாங்கிக் கப்பல் என்றால் விக்ராந்த்தான். 1961இல் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் கொதிகலன் ஒன்றில் விரிசல்; முழு வேகம் எடுக்க முடியாது. அப்படியும் வங்கக் கடலில் நின்று, நீராவி விசையால் சீ ஹாக் விமானங்களை ஏவி, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கியது.

விராட் அதைவிடப் பெரியது, சுமார் 28,000 டன். ஹெர்மிஸ் என்ற பெயரில் 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமைக் கப்பலாக இருந்துவிட்டு, 1987இல் நம்மிடம் வந்தது. மேல்நோக்கி வளைந்த முன்தளத்தில் ஓடி எழும்பும் சீ ஹாரியர் விமானம், திரும்பும்போது செங்குத்தாக இறங்கும்.

ஓய்வு: விக்ராந்த் 1997, விராட் 2017.

விக்ராந்த்துக்காவது 2001 முதல் 2012 வரை அருங்காட்சியக வாழ்வு கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் அதன் தளத்தில் நடந்தார்கள். பிறகு சுமார் 60 கோடி ரூபாய்க்கு விலைபோய், 2014 இறுதியில் தாருகானாவில், நம் ஊரிலேயே உடைபட்டது. அதன் இரும்பில் கொஞ்சம் பஜாஜ் வி பைக்கில் சேர்ந்தது. விராட்டை சிந்துதுர்க் கடலோரத்தில் அருங்காட்சியகமாக்க மகாராஷ்டிர அமைச்சரவை 2018இல் ஒப்புதல் தந்தும் காரியம் நடக்கவில்லை. 2020 செப்டம்பரில் உடைப்பதற்காக குஜராத்தின் அலங்குக்கு இழுத்துப் போனார்கள்.

எனக்கு விக்ராந்த்தின் இழப்பே பெரிது. விராட்டின் போர்ப் புகழ் பிரிட்டனுடையது. 1971 முழுக்க நம்முடையது.