குவெஸ்ட்டுகளை நிதானமாக ஆட எந்த உலகம் ஏற்றது?

இணையவழி ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு) ஒன்றில் முதன்முறையாக குழுவாகப் போய்ச் சண்டையிடும் ஒரு நிலவறைக்குள் நுழைந்தேன். வாசலில் நின்ற காவலாளி ஏதோ சொல்லத் தொடங்கினார், படிக்க நின்றேன். உடன் வந்த மூவரும் அதற்குள் இரண்டு அறைகளைத் தாண்டிவிட்டார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பெரிய எதிரி விழுந்து கிடந்தான். அவன் யார், அங்கே எதற்காக இருந்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மூவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு அது நூறாவது தடவையாக இருந்திருக்கும். நூறாவது தடவை வருபவரையும் முதல் தடவை வருபவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது அந்த விளையாட்டு.

அதன்பின் புதிய உலகம் எதற்குள் போவதானாலும் ஒன்றைத்தான் முதலில் பார்க்கிறேன்: நான் நின்று படித்தால் அது எனக்காகக் காத்திருக்குமா? வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன், கில்ட் வார்ஸ் 2 ஆகிய நான்கையும் இந்த ஒரு கோணத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

துரத்தும் லெவல்

ஒரு பகுதியில் உள்ள எல்லாக் குவெஸ்ட்டுகளையும் (பாத்திரங்கள் தரும் கதைப்பணிகளையும்) முடித்துவிட்டுத்தான் நகர்வேன் என்று இருப்பவருக்கு முதல் எதிரி லெவல், அதாவது பாத்திரத்தின் வளர்ச்சிப் படி. பாதிக் கதை மீதமிருக்கும்போதே அந்தப் பகுதியை மிஞ்சி வளர்ந்துவிடுவோம். எதிரிகள் ஒரே வெட்டில் விழுவார்கள். பரிசாக வரும் வாள் கையில் இருப்பதைவிட மட்டமாக இருக்கும்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014-இல் வெளிவந்தபோது அதிலும் இந்தத் தொல்லை இருந்தது. 2016 அக்டோபரில் 'ஒன் டாம்ரியல்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து லெவல் சுவர்களை இடித்தார்கள். ஆட்டக்காரர்கள் சேரும் கூட்டணிகளில் எதைச் சேர்ந்தவரும் எந்தத் திசையிலும் நடக்கலாம். போகும் இடமெல்லாம் உங்கள் அளவுக்கு ஈடாக இருக்கும். குவெஸ்ட் விரும்பிகளுக்கு இதைவிடப் பெரிய நன்மையை வேறெந்த விளையாட்டும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எங்கும் எவரும் போகலாம் என்பதால் திறந்தவெளிச் சண்டைகளை மிக எளிதாக வைத்துவிட்டார்கள். பத்து மணி நேரம் ஊரே நடுங்கப் பேசிய கொடியவன் கடைசியில் அரை நிமிடத்தில் சாய்வது கதையின் மானத்தையே வாங்குகிறது. ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை இது, நியாயமான குறை.

கில்ட் வார்ஸ் 2 எதிர்வழியில் போகிறது. உலகத்தை உங்களுக்கு ஏற்ப மாற்றாமல், நீங்கள் சிறிய இடத்துக்குப் போனால் உங்கள் லெவலைத் தற்காலிகமாகக் கீழே இறக்கிவிடுகிறது. 2012-இல் உச்ச லெவல் 80, இன்றும் 80-தான். மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பினாலும், அன்று அணிந்திருந்த உயர்தரக் கவசம் மதிப்பிழந்திருக்காது. விட்டுவிட்டு ஆடுபவருக்கு இதைவிட மரியாதையான ஏற்பாடு கிடையாது.

வார்கிராஃப்ட் 2018-இல் பழைய பகுதிகளை ஆடுபவரோடு சேர்ந்து வளரும்படி செய்தது. 2020-இல் 120 லெவல்களைச் சுருக்கி 50 ஆக்கியது. இருந்தும் அங்கே லெவல் ஏறும் வேகம் மிக அதிகம். ஒரு விரிவாக்கத்தின் (பின்னர் சேர்க்கப்படும் பெரிய பாகத்தின்) கதையில் மூழ்கும் முன்பே அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. பலருக்கும் தெரியாத ஒரு வழி உண்டு: ஸ்டார்ம்விண்ட், ஆர்க்ரிமார் தலைநகரங்களில் 10 பொற்காசு வாங்கிக்கொண்டு லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி சேர்வதையே நிறுத்தி வைக்கும் பாத்திரங்கள் இருக்கிறார்கள். வேண்டும்போது மறுபடி திறந்துகொள்ளலாம். நிதானமாக ஆட நினைப்பவர் முதலில் போக வேண்டியது அவர்களிடம்தான்.

ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் இந்தக் கவலையே எழுவதில்லை. முதன்மைக் கதை ஒரே நீண்ட சாலை. ஒரு தொழிலை (பாத்திரத்தின் போர்முறையை) வளர்க்கத் தேவையான அனுபவப் புள்ளியை அந்தக் கதையே தந்துவிடும். ஆனால் சாலையை விட்டு இறங்க முடியாது. கதை அழைத்துப் போகாமல் புதிய நாட்டின் எல்லையைத் தாண்ட முடியாது.

உடன் வருபவர்கள்

இந்த விஷயத்தில் மிகக் கடுமையாக இருந்து மிக நன்றாகத் திருந்தியது ஃபைனல் ஃபேன்டஸிதான். அதன் முதல் பாகக் கதையின் முடிவில் எட்டுப் பேர் சேர்ந்து போகும் இரண்டு நிலவறைகள் இருந்தன. பழையவர்கள் கதைக் காட்சிகளைத் தவிர்த்துவிட்டு ஓடுவார்கள். புதியவர் காட்சியைப் பார்த்து முடிப்பதற்குள் சண்டை முடிந்திருக்கும். நான் முதலில் சொன்ன அனுபவம் எத்தனை பேருக்கு நேர்ந்திருக்கும் என்று நினைத்தாலே மனம் வலிக்கிறது. முதலில், அந்தக் காட்சிகளை யாருமே தவிர்க்க முடியாதபடி செய்தார்கள். புதியவருக்குக் கதை கிடைத்தது. மற்ற ஏழு பேரின் பொறுமை போனது. பிறகு 2022 ஏப்ரலில் வந்த 6.1 பதிப்பில் அவற்றை நால்வருக்கான நிலவறைகளாக மாற்றி அமைத்தார்கள். கணினியே இயக்கும் தோழர்களை அழைத்துக்கொண்டு போகும் வசதியும் அத்துடன் முதல் பாகக் கதைக்கு வந்தது. அந்தத் தோழர்கள் நீங்கள் நின்றால் நிற்பார்கள். சுவரில் இருக்கும் ஓவியத்தைப் பத்து நிமிடம் பார்த்தாலும் முணுமுணுக்க மாட்டார்கள். அடுத்தடுத்த பதிப்புகளில் இந்த வசதி கதைப்பாதையில் உள்ள மற்ற நால்வர் நிலவறைகளுக்கும் விரிந்தது. ஆனால் எட்டுப் பேர் மோதும் பல சண்டைகளுக்கு இன்னும் மனிதத் துணை வேண்டும்.

வார்கிராஃப்ட் இதே பாடத்தைத் தாமதமாகக் கற்றது. கணினித் தோழர்களுடன் நிலவறைக்குப் போகும் வசதி அங்கே 2024-இல்தான் வந்தது. எல்டர் ஸ்க்ரோல்ஸில் பகுதிக் கதைகள் பெரும்பாலும் தனியாகவே முடிக்கக்கூடியவை. 2021 முதல் சொந்தக் கதையும் விருப்பு வெறுப்பும் கொண்ட துணைவர் ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளலாம். கில்ட் வார்ஸில் நிலைமையே வேறு. அங்கே வழியில் போகும் அந்நியர் உங்கள் சண்டையில் கைகொடுத்துவிட்டுப் போய்விடுவார். குழு சேர வேண்டாம், பரிசு பங்கிட வேண்டாம், யாருக்காகவும் ஓட வேண்டாம்.

நாட்காட்டி

கில்ட் வார்ஸ் 2-ஐ இதுவரை மனமாரப் புகழ்ந்தேன். அதன் பெரிய தவறும் இங்கேதான் இருக்கிறது. 'லிவிங் வேர்ல்ட்' என்ற தொடர்கதையின் முதல் பருவத்தை நடக்கும்போதே மறையும் கதையாக நடத்தினார்கள். அந்த மாதங்களில் வராதவருக்கு அது கிடையாது. பிறகு வந்தவர்கள், முகம் தெரியாத பாத்திரங்களின் மரணத்துக்கு வருந்தும்படி இரண்டாம் பருவத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். 2022-இல்தான் முதல் பருவம் நிரந்தரமாகத் திரும்பியது. இரண்டாம் பருவம் முதல் அத்தியாயங்கள் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் வெளியான காலத்தில் உள்ளே வந்து போனவருக்கு இலவசம், மற்றவர் வாங்க வேண்டும்.

அந்த உலகின் இன்னொரு இயல்பையும் சொல்ல வேண்டும். அங்கே நிகழ்வுகள் உங்களைக் கேட்டு நடப்பதில்லை. கிராமத்தைக் கொள்ளையர் தாக்குவார்கள். நீங்கள் வராவிட்டால் கிராமம் விழும், பிறகு மீட்கப்படும், மறுபடி தாக்கப்படும். உலகம் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். ஆனால் உட்கார்ந்து ஒருவரின் கதையை முழுதாகக் கேட்க விரும்பும் என்னைப் போன்றவருக்கு ஏதோ ஒன்று நழுவிக்கொண்டே இருக்கும்.

வார்கிராஃப்ட் இதில் இன்னும் மோசம். 2010 டிசம்பரில் வந்த 'கேட்டக்ளிசம்' விரிவாக்கம் பழைய கண்டங்களின் குவெஸ்ட்டுகளைப் பெருமளவு அழித்து எழுதியது. 2019-இல் பழைய வடிவத்தை மீட்டுத் தந்த 'கிளாசிக்' வரும்வரை அவற்றைப் பார்க்க அதிகாரபூர்வ வழியே இல்லை. 'பண்டேரியா' விரிவாக்கத்தின் காலத்தில் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் தொடர்ந்த, ராத்தியன் என்ற பாத்திரத்தின் குவெஸ்ட் சங்கிலி 2014-இல் நீக்கப்பட்டது. மெதுவாக வந்துகொண்டிருந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். எழுதி முடித்த கதையைக் கிழித்தெறியும் இந்தப் பழக்கத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்டர் ஸ்க்ரோல்ஸில் 2014-இன் கதைகள் இன்னும் அதே ஊர்களில் காத்திருக்கின்றன. அங்கே நாட்காட்டி தலைகாட்டுவது சின்ன இடங்களில்தான். குதிரைப் பயிற்சி 20 மணி நேரத்துக்கு ஒருமுறை. முழுமை பெற 180 பயிற்சிகள். தவறவிட்டால் எதையும் இழப்பதில்லை, குதிரை மெதுவாகப் போகும், அவ்வளவே. அங்கே வரிசைதான் குழப்பம். எந்தக் கதை எதற்குப் பின் என்று விளையாட்டு சொல்லித் தராது. புதிய அத்தியாயத்தில் தொடங்கிவிட்டு, முன்பே பழகியிருக்க வேண்டியவர்களை முதன்முறை சந்திக்க நேரிடும். உங்கள் கூட்டணியின் முதல் தீவிலிருந்து தொடங்கி, 2014-இன் கதைகளை முடித்துவிட்டு, பிறகு அடுத்து வந்த 'மோரோவிண்ட்' அத்தியாயத்தின் பக்கம் போவது நல்லது.

பணமும் ஒரு கடிகாரம்தான். வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி இரண்டும் மாதச் சந்தா கேட்பவை. ஆடாத வாரம் மனத்தை உறுத்தும். மற்ற இரண்டுக்கும் கட்டாயச் சந்தா இல்லை.

ஆக, எனக்கு எது? எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன். ஒரு மீனவப் பெண்ணின் சிறு கவலைக்குக்கூட அங்கே குரல் கொடுத்து நடித்திருக்கிறார்கள். ஒரு மாலையில் ஒரு குவெஸ்ட், முழுதாக, வேறெதையும் திறக்காமல் முடிக்கலாம். ஒரே பெருங்கதையில் ஓராண்டு வாழத் தயாராக இருப்பவருக்கு ஃபைனல் ஃபேன்டஸி. ஆறு மாதம் காணாமல் போய்த் திரும்புபவருக்கு கில்ட் வார்ஸ். வார்கிராஃப்ட்டை, அனுபவப் புள்ளியை நிறுத்தி வைக்கப் பொறுமை உள்ளவருக்கு மட்டும் சொல்வேன். குவெஸ்ட் என்றால் மூளைக்கு வேலை வேண்டும் என்பவர் இந்த நான்கையும் விட்டு ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இன்னொரு விளையாட்டின் பக்கம் போகலாம்; அங்கே ஒவ்வொன்றும் கையால் செதுக்கிய புதிர்.

ஃபைனல் ஃபேன்டஸியைத் தேர்ந்தெடுத்தவர் இலவச முன்னோட்டத்திலேயே தொடங்குங்கள். லெவல் 70 வரை, முதல் மூன்று பாகங்கள், காலவரம்பே கிடையாது. சந்தையும் சில வசதிகளும் இருக்காது. கதைக்கு அவை தேவையில்லை. அவசரப்பட்டு முழுப் பதிப்பை வாங்கிவிடாதீர்கள்: வாங்கிய கணக்கு மறுபடி முன்னோட்டத்துக்குத் திரும்ப முடியாது, அதோடு வரும் 30 நாள் முடிந்ததும் சந்தா ஓடத் தொடங்கிவிடும்.