தலை என்றால் முதலாளியா, தலைமடையா?

அக்கா மகள் கல்யாணத்துக்காகக் காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை மூன்று நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம். நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள். மாப்பிள்ளை வீட்டார் சகோதரர் சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கூடுகையில் பெண்கள் முக்காடில்லாமல் உட்கார மாட்டார்கள். வாய்திறந்து ஜெபிக்கவும் மாட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆளுக்கொரு தட்டில் வெள்ளைப் பணியாரத்தோடு முகப்பில் உட்கார்ந்து ஆராதனை முறைத் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுலின் எபேசியர் நிருபம் 5-ஆம் அதிகாரத்தை எங்கே தொடங்குவது என்ற இடத்தில் சிக்கிக்கொண்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா, "22-லேருந்துதான் எல்லாரும் வாசிப்பாங்க" என்றார். அக்கா, "21-ஐ விட்டுட்டா எப்படி சம்பந்தி?" என்றாள்.

ஒரு வசனம் தள்ளித் தொடங்கினால் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். 22, மனைவிகள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. 21, "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்தில் 'கீழ்ப்படியுங்கள்' என்ற வினையே இல்லை; மேலே 21-இலிருந்து இரவல் வாங்கித்தான் அந்த வாக்கியம் நிற்கிறது. 21-ஐ வெட்டினால் 22-க்குக் கால் கிடையாது. சபைகள் பிரிந்து நிற்கும் சண்டை முழுவதும் இந்த ஒரு வசன இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது.

இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்றை ஆளுகைக் கட்சி என்கிறேன், மற்றதைச் சமத்துவக் கட்சி. முதல் கட்சிக்கு ஆணும் பெண்ணும் மதிப்பில் சமம், பொறுப்பில் வேறு. வீட்டிலும் சபையிலும் தலைமை ஆணுக்கு. அமெரிக்காவில் 1987-இல் எழுதப்பட்ட டான்வர்ஸ் அறிக்கை இதை முறையாகச் சொன்னது. நம் ஊர் பிரசங்கங்களில் அந்த அறிக்கையின் பெயர் தெரியாமலே அதன் வாதங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் கட்சிக்குப் பொறுப்பு வரத்தைப் பொறுத்தது, ஆண் பெண் என்பதைப் பொறுத்தது அல்ல. சி.எஸ்.ஐ. 1976-இல் முதல் பெண் போதகருக்குக் குருப்பட்டம் கொடுத்தது; 2013-இல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயரானார். ஆகவே எங்கள் பக்கம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காக எங்கள் வீடுகளில் சமத்துவம் வழிந்தோடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

சண்டையின் அடிவேர் ஒரு சொல். 1 கொரிந்தியர் 11:3, ஸ்திரீக்குப் புருஷன் தலை என்கிறது. கிரேக்கத்தில் 'கெஃபலே'. உடலின் மேல் இருக்கும் தலை என்பது எல்லோருக்கும் தெரியும். உருவகமாக வரும்போது என்ன பொருள்? 1954-இல் ஸ்டீபன் பெடேல் என்ற ஆங்கிலேய அறிஞர், இதற்கு ஊற்று, தொடக்கம் என்ற பொருள் உண்டு என்று எழுதினார். 1985-இல் வெய்ன் குரூடம் 2,336 இடங்களைத் தேடிப் பார்த்து, ஊற்று என்ற பொருளுக்குச் சான்று தேறவில்லை, அதிகாரம் என்பதே பொருள் என்றார். அந்தக் கணக்கையும் மற்ற அறிஞர்கள் சும்மா விடவில்லை.

தமிழில் யோசித்தால் இந்தச் சண்டை கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். தலைவன் என்கிறோம், தலையாரி என்கிறோம்; அது அதிகாரம். தலைக்காவிரி என்கிறோம், அங்கே யாரும் யாரையும் ஆளவில்லை, ஆறு பிறக்கிறது. கிரேக்கத்திலும் அப்படித்தான்: ஹெரோடோட்டஸ், தெயாரஸ் என்ற ஆற்றின் ஊற்றுகளைத் 'தலைகள்' என்கிறார். இன்னொரு பக்கம், யெப்தாவை ஜனங்கள் தங்கள் தலைவனாக வைத்த இடத்தில் (நியாயாதிபதிகள் 11:11) பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதே 'கெஃபலே'யைப் போடுகிறது. அகராதியை மட்டும் வைத்துப் பேசினால், ஒரு மனிதனைத் தலை என்று சொல்லும் இடங்களில் முதல் கட்சியின் கை ஓங்கித்தான் இருக்கிறது. இதை எங்கள் ஆட்கள் ஒப்புக்கொள்வதில்லை.

சரி, ஊற்று என்றே வைத்துக்கொள்வோம். அதனால் உடனே சமத்துவம் வந்துவிடுமா? கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்குத் தெரியும், தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்று. தண்ணீர் முதலில் யார் வயலில் பாய்கிறதோ அவன் பேச்சுதான் ஊரில் எடுபடும். 'முதல்' என்ற சொல்லையே பாருங்கள். தொடக்கமும் அதுதான், போட்ட பணமும் அதுதான். அதிலிருந்துதான் முதலாளி வருகிறார். ஊற்று என்று மொழிபெயர்த்துவிட்டாலே பெண்ணுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று கொண்டாடுகிறவர்கள் கடைமடையில் நின்று பார்த்ததில்லை.

சமத்துவக் கட்சியின் உண்மையான பலம் அகராதியில் இல்லை, அதே 1 கொரிந்தியர் 11-இன் 11, 12-ஆம் வசனங்களில் இருக்கிறது. ஸ்திரீ புருஷனிலிருந்து வந்தாள் என்று 8-இல் சொன்ன பவுல், அங்கே திரும்பி வந்து, கர்த்தருக்குள் ஒருவரில்லாமல் ஒருவர் இல்லை, புருஷனும் ஸ்திரீயால் பிறக்கிறான், சகலமும் தேவனால் என்கிறார். ஒரே மடையில் தண்ணீர் இரண்டு பக்கமும் பாய்கிறது.

இன்னொன்று, முக்காடு. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 10-ஆம் வசனம், ஸ்திரீ "தலையின்மேல் முக்காடிட்டுக்கொள்ளவேண்டும்" என்கிறது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் முக்காடு என்ற சொல் கிடையாது. இருப்பது 'எக்ஸூசியா', அதாவது அதிகாரம். பெண் தன் தலையின்மேல் அதிகாரம் உடையவளாயிருக்க வேண்டும். அது அவளுடைய அதிகாரமா, அவள்மேல் உள்ள அதிகாரத்தின் அடையாளமா என்பதில் அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். தமிழ் வாசகருக்கு அந்தக் கேள்வியே வராதபடி மொழிபெயர்ப்பில் துணியைப் போட்டு மூடியாகிவிட்டது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்படியா" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இருந்தாலும் 1 தீமோத்தேயு 2:12 இருக்கே" என்றார். இருக்கிறதுதான். புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்த ஸ்திரீக்கு உத்தரவில்லை என்று அது சொல்கிறது. அங்கே வரும் கிரேக்க வினை புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத சொல் என்று நாங்கள் சொல்வோம். அதனால் வசனம் மறைந்துவிடாது. ஆனால் 1 கொரிந்தியர் 7:4-ஐயும் பக்கத்தில் வைக்க வேண்டும்: மனைவியின் சரீரத்துக்குப் புருஷன் அதிகாரி, புருஷன் சரீரத்துக்கு மனைவி அதிகாரி. கணவன் மனைவி இடையே 'அதிகாரி' என்ற சொல்லைப் பவுல் எடுத்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே தராசு.

கத்தோலிக்கர் வழி தனி. 1930-இல் போப் பதினோராம் பயஸ், கணவன் தலை, மனைவி இதயம் என்றார். 1988-இல் போப் இரண்டாம் ஜான் பால், அந்தக் கீழ்ப்படிதல் இருவருக்கும் பொது என்றார். 1994-இல் அவரே பெண்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று கதவைச் சாத்தினார். வீட்டுக்கு ஒரு சட்டம், பீடத்துக்கு ஒரு சட்டம். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வரலாற்றின் பெரிய கதையே கணவன் அதிகாரத்தைச் சுற்றியதுதான்: மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் அரசர் சேதுபதியின் உறவு, அந்தக் கோபம் 1693-இல் ஓரியூரில் அவருக்கு வேதம் போதித்த குரு அருளானந்தரின் உயிரை எடுத்தது. விலக்கப்பட்ட பெண்களை யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. திருவாடானைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

இதுவரை வந்தது வீட்டுச் சண்டை. எனக்குப் பொறுக்காத இடம் இனிமேல்தான். ஆளுகைக் கட்சியில் ஒரு பிரிவினர் ஒரு படி மேலே போகிறார்கள். கிறிஸ்துவுக்குத் தேவன் தலை என்று அதே 1 கொரிந்தியர் 11:3 சொல்கிறதே, ஆகவே குமாரன் நித்தியமாகவே பிதாவுக்குக் கீழ்ப்பட்டவர், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிவது அந்த ஒழுங்கின் சாயல் என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கும். கடவுளையே சாட்சிக்கு இழுத்துவந்துவிட்டால் எந்த மனைவி எதிர்த்துப் பேசுவாள்?

முதலில் வசனத்தின் வரிசையைப் பாருங்கள். ஏணியாக இருந்தால் தேவன், கிறிஸ்து, புருஷன், ஸ்திரீ என்று இறங்க வேண்டும். பவுல் கிறிஸ்து–புருஷன், புருஷன்–ஸ்திரீ, தேவன்–கிறிஸ்து என்று எழுதுகிறார். ஏணியைப் படிமாற்றி அடுக்கியது நாம்தான்.

இரண்டாவது, இந்த வசனத்தை வைத்துக் குமாரனைத் தாழ்த்துவது பழைய கதை. குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியுவின் போதனைக்கு எதிராக 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது; 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் அது உறுதிப்பட்டது. அதற்குப் பிறகும் 11:3-ஐக் காட்டி வாதாடியவர்களுக்குத் திருச்சபைப் பிதாக்களில் ஒருவரான கிறிஸொஸ்தம் பதில் சொல்கிறார்: ஆளுகையையும் அடங்குதலையும் பற்றிப் பேச நினைத்திருந்தால் பவுல் மனைவியை எடுத்திருக்க மாட்டார், எஜமானையும் அடிமையையும் எடுத்திருப்பார். இத்தனைக்கும் வீட்டில் கணவன் தலைமை என்பதில் கிறிஸொஸ்தமுக்குச் சந்தேகமே கிடையாது.

மூன்றாவது, கீழ்ப்படிய இரண்டு சித்தம் வேண்டும். 680–681-இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கம், கிறிஸ்துவுக்குத் தேவசித்தம் ஒன்று, மனித சித்தம் ஒன்று என்றது. சித்தம் தன்மையைச் சேர்ந்தது என்பது அதன் அடிப்படை. பிதா, குமாரன், ஆவி என்ற திரித்துவத்தில் தன்மை ஒன்று, ஆகவே சித்தமும் ஒன்று. கெத்செமனேயில் "என் சித்தத்தின்படியல்ல" என்றது மனிதனாகி வந்தவரின் குரல். நித்தியத்தில் யார் யாருக்குக் கீழ்ப்படிவது?

இந்த ஊர்க் கணக்கில் சொன்னால், பெரிய முதலாளியின் மகனே தொழில் பழக வேறொரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்ததுண்டு. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னதைச் செய்வான், ஏச்சும் வாங்குவான். அந்த நாளிலும் அவன் வீட்டு விலாசம் அப்பாவின் விலாசம்தான், பங்கு குறையாது. பிலிப்பியர் 2-இல் தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பையனாக இருந்த காலத்தை வைத்து, இவன் பிறவியிலேயே பையன் என்று பேரேட்டில் எழுதினால் அது கள்ளக்கணக்கு. உவமை முழுக்கப் பொருந்தாது; அப்பனும் மகனும் இரண்டு ஆட்கள், இரண்டு மனசு. ஆனாலும் ஏணியை விடப் பரவாயில்லை. 2016-இல் இந்த நித்தியக் கீழ்ப்படிதல் விவகாரம் வெடித்தபோது எதிர்த்து எழுதியவர்களில் ஆண் தலைமையை நம்புகிறவர்களே முன்னால் நின்றார்கள். வீட்டு வழக்கை ஜெயிப்பதற்காகத் திரித்துவத்தை அடகு வைக்காதே என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். எனக்கும் அதுதான் பேச்சு. தலைமை ஆணுக்கு என்று நம்புகிறாயா, நம்பு, வசனத்தைக் காட்டு, பேசுவோம். கடவுளைத் துணைக்குப் படியிறக்காதே.

நாங்கள் பேசியதையெல்லாம் வீட்டுக்கார ஆச்சி தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர், பின்கட்டில் தனியாக இருக்கிறார். அவருக்கு நம் வேதம் தெரியாது. "எங்க மாமனார் பர்மாவுல இருந்தாக" என்றார். "மூணு வருஷத்துக்கு ஒருக்கா வருவாக. வந்தா இந்த முகப்புல உக்காந்து ஊர்ப் பஞ்சாயத்தே பண்ணுவாக. ஆனா சாவிக்கொத்து எங்க மாமியா இடுப்ப விட்டு எறங்குனது கெடையாது. எங்களக் கல்யாணமான மறுவருசமே வேறு வச்சாக. எம் அடுப்பு, எங் கணக்கு." உடனே இரண்டு கட்சியும் ஆச்சியைத் தங்கள் பக்கம் இழுத்தது. பெரியப்பாவுக்கு, முகப்பில் உட்கார்ந்தவர்தானே தலை. அக்காவுக்கு, சாவி வைத்திருந்தவர்தானே.

அந்த 'வேறு வைப்பது' எனக்கு முக்கியமாகப் பட்டது. எபேசியர் 5:31, தகப்பனையும் தாயையும் விட்டு என்கிறது. சமத்துவக் கட்சி கவனிக்காத இடம் இது. கணவன் தலையில்லை என்று நாற்காலியை எடுத்துவிட்டால் நம் வீடுகளில் அந்த இடம் காலியாக இராது. மாமனாரோ மாமியாரோ வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுகைக் கட்சியின் ஆபத்து இதைவிடப் பெரியது. எங்கள் உறவில் ஒரு பெண் கன்னம் வீங்கிப் பிறந்த வீட்டுக்கு வந்தாள். ஒரு போதகர் அவளை உட்காரவைத்து 22-ஆம் வசனத்தை வாசித்து, ஜெபித்துத் திருப்பி அனுப்பினார். புருஷர்கள் மனைவிகளில் அன்புகூரச் சொல்லும் 25-ஐ அந்தக் கணவனுக்கு வாசிக்க அவர் போகவில்லை. எந்தக் கிரேக்க அகராதியும் எனக்குச் சொல்லாததை அந்த வீங்கின கன்னம் சொல்லிவிட்டது. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் அன்றிலிருந்து அக்கா பக்கம்தான்.

கருத்து வேறுபட்டால் கடைசி வார்த்தை யாருடையது என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "புருஷனோடதுதான். ஆனா அதை எடுக்க வேண்டிய அவசியமே வராது" என்றார். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்றேன். யோசித்து, "தேவகோட்டை ரோட்டுல இடம் வாங்கினப்ப" என்றார். உள்ளேயிருந்து பெரியம்மா குரல் வந்தது. "அந்த இடத்தைப் பார்த்து வச்சதே நான்தான். என் வளையலை வித்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தீங்க."

ராத்திரி எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் போன் போட்டுத் தீர்ப்புக் கேட்டோம். கிரேக்கத்தில் அந்த வாக்கியம் 21-இலும் தொடங்கவில்லை, 18-இலேயே தொடங்கிவிடுகிறது, வாசித்தால் அங்கிருந்துதான் வாசிப்பேன் என்றார். மறுநாள் காலை அப்படியே செய்தார். "துன்மார்க்கத்திற்கு ஏதுவான மதுபான வெறிகொள்ளாமல்" என்று அவர் நிறுத்தி நிதானமாகத் தொடங்கியதும், பின்வரிசையில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைத் தோழர்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.