ஒரு பெட்டி மாற்றுப் பொருள்கள், 14 மாதப் புழக்கம்

ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கியெறியும் வீட்டுப் பொருள்களுக்கு மாற்று என்று விற்கப்படும் ஒரு தொகுப்பை வாங்கி, 14 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பெட்டிக்குள் நான்கு மூங்கில் டூத் பிரஷ்கள், மூன்று தேன்மெழுகுத் துணிகள், ஐந்து செல்லுலோஸ் துடைப்புத் துணிகள், இரண்டு பீர்க்கங்காய் நார்த் துண்டுகள், ஒரு சேஃப்டி ரேசர், ஒரு சுருள் குப்பைப் பைகள், ஒரு பருத்திப் பை ஆகியவை இருந்தன. மூடியின் மேல் ‘முழுவதும் மக்கும்’ என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ரேசர் உலோகம் என்பதையும், அது மக்காமல் இருப்பதுதான் அதன் சிறப்பு என்பதையும் அச்சிட்டவர் யோசித்ததாகத் தெரியவில்லை. விற்பனையாளருக்கு இதைப் பற்றி எழுதினேன். என் அக்கறைக்கு நன்றி சொல்லி ஒரு பதில் வந்தது, மூடியில் இருந்த எழுத்து அப்படியே இருக்கிறது.

இத்தகைய பொருள்களை மதிப்பிடும்போது, அவை எதனால் செய்யப்பட்டவை என்பதோடு, நம்மிடம் எவ்வளவு வேலை வாங்குகின்றன என்பதையும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. துடைத்துவிட்டு எறியும் காகிதமும் பிளாஸ்டிக் உறையும் வீட்டுக்குள் வந்ததே கழுவுவது, உலர்த்துவது, மடித்து வைப்பது ஆகிய வேலைகளை நம் கையிலிருந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லித்தான். மாற்றுப் பொருள் அந்த வேலையைத் திரும்ப நம்மிடமே ஒப்படைக்கிறது. அந்த வேலையை மூன்றாவது மாதத்திலும் செய்வோமா என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்குத் துணிந்து ஆம் என்று சொல்லக்கூடியது செல்லுலோஸ் துடைப்புத் துணி. 1949இல் ஸ்வீடனில் உருவான இந்தத் துணி மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸும் பருத்தியும் கலந்தது. பெரும்பாலும் செல்லுலோஸ் 70 சதவீதம், பருத்தி 30 சதவீதம் என்ற அளவில் இருக்கும். உலர்ந்திருக்கும்போது அட்டையைப் போல விறைப்பாக, தட்டினால் ஒலி எழுப்பும் அளவுக்கு இருக்கிறது. குழாயடியில் நீட்டினால் ஓர் ஓரத்திலிருந்து சுருண்டு, நெளிந்து, சில நொடிகளில் மெத்தென்று ஆகிவிடுகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்துக்கொள்வதால், மேடையில் ஒரு குவளைத் தண்ணீர் கொட்டினாலும் ஒரே துணியில் வேலை முடிந்துவிடுகிறது. பிழிந்து விரித்துப்போட்டால் விரைவில் காய்கிறது; மடித்து ஈரமாக விட்டுவிட்டால் இரண்டே நாளில் நாற்றம் வந்துவிடும், அதற்கு மன்னிப்பே கிடையாது. வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டெடுக்கிறேன். துணியை மென்மையாக்கும் திரவத்தை மட்டும் சேர்க்கக் கூடாது, ஏனெனில் அது இழைகளின் மேல் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும். ஒவ்வொரு துணியும் ஏறத்தாழ நான்கு மாதம் உழைத்தது. கிழிந்ததைத் துண்டுகளாக்கி உரத்தொட்டியில் இட்டேன். சில வாரங்கள் கழித்துக் கிளறியபோது ஓரத் தையல் நூல் மட்டுமே கையில் அகப்பட்டது. எண்ணெய் பிடித்த வாணலியைத் துடைக்க இன்னும் பழைய செய்தித்தாளைத்தான் பயன்படுத்துகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பீர்க்கங்காய் நாரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முற்றிக் காய்ந்த காயின் கூடுதான் அது என்பதால் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சைப் போல நுண்துகளை உதிர்க்கும் கவலை இல்லை. கோப்பைகளுக்கும் தட்டுகளுக்கும் போதுமானது, அடிப்பிடித்த பாத்திரத்துக்கு முன்னால் நிற்காது. பருக்கைகள் நாரின் இடுக்கில் மாட்டிக்கொள்வதால் ஒவ்வொரு முறையும் உதறிக் காயவைக்க வேண்டும். ஒரு துண்டு ஐந்து வாரம் வந்தது.

மூங்கில் டூத் பிரஷில்தான் ‘முழுவதும் மக்கும்’ என்ற வாசகம் மிகவும் தடுக்கி விழுகிறது. 1938இல் நைலான் இழை பிரஷ்கள் விற்பனைக்கு வந்ததிலிருந்து பல் துலக்கும் இழை பெரும்பாலும் நைலானாகவே இருந்து வருகிறது. கைப்பிடி மூங்கிலாக மாறியபோதும் இழை மாறவில்லை. சில நிறுவனங்கள் ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறும் நைலானைப் பயன்படுத்தி, தாவர இழை என்று எழுதுகின்றன. தாவரத்திலிருந்து பிறந்தது என்பது ஒன்று, மண்ணில் மக்கும் என்பது வேறொன்று. ஆமணக்கிலிருந்து வந்தாலும் நைலான் நைலான்தான். ஆகவே கைப்பிடியை மண்ணில் இடுவதற்கு முன் இழைகளைப் பிடுங்க வேண்டும். ஒரு மாலை குறடோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு குஞ்சமும் நடுவில் மடிக்கப்பட்டு, குழிக்குள் ஒரு சிறு உலோகத் தகட்டால் இறுக்கப்பட்டிருந்தது. இழுத்தால் பாதி இழை அறுந்து வந்தது, தகடு உள்ளேயே தங்கியது. கால் மணி நேரம் போராடியபின் தலைப்பகுதியை ரம்பத்தால் அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கைப்பிடியை மட்டும் உரத்தொட்டியில் இட்டேன். ஓராண்டு ஆகப்போகிறது, நிறம் மங்கியதைத் தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குவளையில் நிறுத்தி வைத்தால் கைப்பிடியின் அடியில் நீர் தேங்கிக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கிறது. படுக்கைவாட்டில் வைத்துப் பழகினால் இந்தத் தொல்லை இல்லை. துலக்குவதில் குறை சொல்ல ஏதுமில்லை.

குப்பைப் பைகளின் கதையும் இதே வகைதான். உறையில் ஐரோப்பியத் தரநிலையான இஎன் 13432இன் எண் இருந்தது. அந்தத் தரநிலை கேட்பது, பொருள் 12 வாரங்களுக்குள் சிறு துணுக்குகளாக உதிர வேண்டும், ஆறு மாதங்களுக்குள் 90 சதவீதம் நுண்ணுயிர்களால் சிதைய வேண்டும் என்பதாகும். ஆனால் அது தொழிற்சாலை அளவில் உரமாக்கும் நிலையத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது, அங்கே குவியலின் வெப்பம் 60 டிகிரியை ஒட்டி இருக்கும். வீட்டுத் தொட்டியில் அந்தச் சூடு நிலைத்து நிற்பதில்லை. என் தொட்டியில் பை கிழிந்த நாடாக்களாகக் கிடக்கிறது. வீட்டில் மக்கக்கூடியது என்று தனியாகச் சான்று பெற்ற பைகளும் உண்டு. வாங்குகிறவர் அந்தச் சான்றைத்தான் தேட வேண்டும்.

தேன்மெழுகுத் துணியோடு எனக்கு இருந்த உறவு சிக்கலானது. பருத்தித் துணியில் தேன்மெழுகையும் மரப்பிசினையும் சிறிது எண்ணெயையும் ஊற்றித் தோய்த்திருப்பார்கள். கிண்ணத்தின் மேல் போர்த்தி உள்ளங்கையால் சற்று அழுத்திப் பிடித்தால் கையின் வெதுவெதுப்பில் இளகி விளிம்பின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும், கையை எடுத்ததும் இறுகிவிடும். முதல் சில வாரங்கள் இதைச் செய்து பார்ப்பதற்காகவே மூடத் தேவையில்லாத கிண்ணங்களையும் மூடினேன். பிறகு ஒருநாள் ஆறாத பாத்திரத்தின் மேல் போர்த்திவிட்டேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் உருகிவிடும். அதற்குக் கீழேயே இளகத் தொடங்கும். துணியைத் தூக்கியபோது விளிம்பைச் சுற்றி மஞ்சள் வளையமாக மெழுகு ஒட்டியிருந்தது, அதைச் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. இதே காரணத்தால் அதை வெந்நீரில் கழுவ முடியாது. வெந்நீரில் கழுவ முடியாத ஒன்றை மீன், இறைச்சி ஆகியவற்றின் மேல் சுற்றக் கூடாது. எட்டாவது மாதத்தில் மடிப்புக் கோடுகள் வெளுத்து வெடித்தன. கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள்கள் இரண்டுக்கு இடையே வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டதும் மெழுகு பரவி மறுபடியும் ஒட்டியது. எல்லாம் சரி, ஆனால் ஒரு கிண்ணத்தை மூட அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தால் போதும் என்பது இத்தனைக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெட்டிய எலுமிச்சையின் பாதியையும் ரொட்டியையும் பொதிந்து வைப்பதற்கு மட்டும் இன்று ஒரு துணி எஞ்சியிருக்கிறது.

சேஃப்டி ரேசர் நூறாண்டுக்கும் மேல் பழைய கண்டுபிடிப்பு. கழற்றி மாற்றும் பிளேடுக்கான காப்புரிமையை கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் பெற்றார். (கைப்பிடியை வைத்துக்கொண்டு பிளேடைத் தூக்கியெறியச் சொன்ன அந்த யோசனை, கைப்பிடியையும் சேர்த்துத் தூக்கியெறியும் ரேசர்களுக்குப் பின் சிக்கனமாகத் தோன்றுவது வேடிக்கைதான்.) அழுத்திச் சிரைத்துப் பழகிய கைக்கு முதல் வாரம் மூன்று வெட்டுகள் கிடைத்தன. கருவியின் கனமே வேலையைச் செய்யும், நாம் சுமார் 30 டிகிரிச் சாய்வில் பிடித்து நகர்த்தினால் போதும் என்று பிடிபட்டபின் வெட்டு விழவில்லை. ஒரு பிளேடு ஆறு சிரைப்புகள் வரை வருகிறது. பிளாஸ்டிக்கும் எஃகும் பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கும் கார்ட்ரிட்ஜைப் போலன்றி இது வெறும் எஃகு. மூடியில் கீறல் வெட்டிய ஒரு தகரப் பெட்டியில் தேய்ந்தவற்றைப் போட்டு வருகிறேன், நிறைந்ததும் பழைய இரும்போடு போகும்.

கடைசியாகப் பருத்திப் பை. இலவசம் என்று குறிப்பிட்டு வைத்திருந்தார்கள். வீட்டில் ஏற்கெனவே ஐந்து பைகள் இருந்தன. பருத்தி விளைவிக்க நீரும் உரமும் நிறையத் தேவைப்படுவதால் ஒரு பருத்திப் பை தன் கணக்கைத் தீர்க்கப் பலமுறை புழங்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால் புவி வெப்பமாதல் அளவில் 131 முறை என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வில் பருவநிலையை மட்டும் பார்த்தால் 52 முறை, எல்லா அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை என்று வந்தது; நாள்தோறும் எடுத்துப்போனாலும் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கடலிலும் வாய்க்காலிலும் போய்ச் சேரும் பிளாஸ்டிக்கின் கேட்டை இந்த ஆய்வுகள் எண்ணவில்லை என்பதைப் பைக்குச் சார்பாகச் சொல்ல வேண்டும். ஆறாவதாக ஒரு பையை என் தலையில் கட்டியதற்கு அது சமாதானம் ஆகாது. ஆனாலும் வந்துவிட்ட பை என்பதால், எடுத்துப்போகும் ஒவ்வொரு முறையும் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வருகிறேன். நேற்று எண்ணிப் பார்த்தபோது 58 கோடுகள் இருந்தன, ஒரு கைப்பிடியின் தையல் பிரியத் தொடங்கியிருக்கிறது.