‘எஸ்டேட் துரை ஓட்டிய இங்கிலாந்து சைக்கிள்’: பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் பழைய சைக்கிள் வாங்குவோர் கவனத்துக்கு

பொள்ளாச்சி, மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, கேரளத்துச் சித்தூர் வட்டாரத்தில் பழைய சைக்கிள் தேடி அலைபவர்கள் இப்போது நிறைய இருக்கிறோம். நம்மை நம்பியே பிழைக்கும் ஒரு வியாபாரியிடம் நான் 28,000 ரூபாய் கொடுத்தேன். விற்கும்போது அது ‘1946ஆம் வருட இங்கிலாந்து ராலி, மூன்று கியர், எல்லாமே ஒரிஜினல்’. வீட்டுக்கு வந்து சேர்ந்ததோ ஏதோ ஒரு கம்பெனியின் ஃபிரேமில் ராலி பேட்ஜ் அறைந்து, இன்னொரு சைக்கிளின் பின்சக்கரத்தை மாட்டிய ஒரு கலவை. ஆள் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சொல்லும் கதையைப் போடத் தடை இல்லை.

கதை இதுதான். நெல்லியாம்பதியில் ஒரு எஸ்டேட் துரை. சுதந்திரம் வந்ததும் ஊருக்குக் கப்பல் ஏறும்போது பங்களா பட்லருக்கு சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போனார். பட்லரின் பேரன் இப்போது கல்யாணச் செலவுக்காக விற்கிறான். ஆளுக்குத் தகுந்தபடி நெல்லியாம்பதி வால்பாறை ஆகும், பட்லர் டிரைவர் ஆவார், கல்யாணம் ஆஸ்பத்திரி ஆகும். ஆழியாற்றுப் பக்கமிருந்து வால்பாறைக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். கிட்டத்தட்ட இருபது கிலோ எடையுள்ள கம்பி பிரேக் சைக்கிளை எந்தத் துரை அங்கே மிதித்தார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் போய்ப் பார்த்த அன்று அந்த சைக்கிளில் ப்ரூக்ஸ் தோல் சீட் இருந்தது. பெரிய ஸ்பிரிங், பித்தளை ரிவிட், தோலில் அழுந்திய முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. லூகாஸ் மணியும் இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு முன்பணம் அனுப்பினேன். மீதிப் பணம் போனபின் குட்டியானை வண்டியில் சாக்கு சுற்றி வந்தது. பிரித்துப் பார்த்தால் சீட் புத்தம்புது ரெக்சின். மணி, நம்மூர் பஞ்சர் கடையில் தொங்கும் சாதா மணி. போன் செய்தேன். “அண்ணா, சீட்டு தனி ரேட்டுன்னு அன்னைக்கே சொன்னனே” என்றார். சொல்லவே இல்லை. பிற்பாடு பழைய சைக்கிள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அதே சீட்டின் போட்டோவை இன்னொரு சைக்கிளின் மேல் பார்த்தேன். தோலில் இடது பக்கம் ஒரு கீறல், என் போட்டோவில் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. அந்தச் சீட்டு நிரந்தர ஊழியர், சைக்கிள்தான் மாறிக்கொண்டிருக்கிறது.

ஓட்டினால் மிதிக்க முடியவில்லை. மேம்பாலம் ஏறுவதற்குள் நாக்கு தள்ளியது. கேட்டால் “இங்கிலாந்து சைக்கிள் அப்பிடித்தான் அண்ணா, வெயிட்டா இருக்கும்” என்று பதில். பொள்ளாச்சியில் ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப்பில், அதாவது பின்சக்கரத்தின் நடுவில் கியர் அடங்கிய உருளையில், அச்சுக்குள்ளிருந்து ஒரு குட்டிச் சங்கிலி வெளியே வரும். அதைக் கேபிள் இழுத்தால்தான் கியர் மாறும். இழுப்பு இல்லாவிட்டால் அந்த ஹப் தானாக மூன்றாவது கியரில், அதாவது ஆக மிதிக்கக் கஷ்டமான கியரில், நின்றுவிடும். என் சைக்கிளில் ஹேண்டில்பாரில் கியர் விசை இருந்தது, கேபிளும் இருந்தது. கேபிளின் மறுமுனை மட்கார்டு கம்பியில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது! சங்கிலியே கிடையாது.

அந்த ஹப்பைத் துடைத்துப் பார்த்தபோது 1946 கதையும் கலைந்தது. இந்த விஷயம் வாங்குவோர் எல்லாருக்கும் உதவும். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பின் வெளிக்கூட்டில் மாடல் எழுத்தோடு வருஷமும் அடித்திருப்பார்கள். ஏ.டபிள்யூ. என்பது 1936இல் வந்த மூன்று கியர் மாடல். அதன் பக்கத்தில் 59, கொஞ்சம் தள்ளி 4 என்று இருந்தால் 1959 ஏப்ரல். என்னுடையதில் 59தான் இருந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அது ஹப்பின் வயது மட்டுமே. சக்கரம் மாறியிருக்கலாம். ஆகவே ஹப்பில் 46 என்று அடித்திருந்தாலும் சைக்கிள் 46 ஆகிவிடாது. ஹப், ஃபிரேம், பெடல் சக்கரம், சீட் எல்லாம் ஒரே காலத்தைக் காட்டினால்தான் நம்பலாம்.

அப்புறம் பெரியவர் ஃபிரேமுக்கு வந்தார். கடையின் பழைய பிஸ்கட் டின்னிலிருந்து ராலியின் கப் ஒன்றை எடுத்தார். பெடல் அச்சு சுழலுமே, அந்த இடத்தில் திருகும் கப். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த ராலி அந்த இடத்திலும் ஹேண்டில்பார் கழுத்திலும் அங்குலத்துக்கு 26 மரை போட்டது. மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் பெரும்பாலும் 24 மரை. அவர் திருகிய கப் இரண்டு சுற்றுப் போய் இறுகி நின்றது. “இது ராலி இல்லீங் தம்பி” என்றார். பிறகு ஹேண்டிலுக்குக் கீழே பேட்ஜ் இருக்கும் இடத்தைச் சுரண்டினார். பெயின்டுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் இரண்டு துளை. வேறு ஏதோ பேட்ஜ் இருந்து கழற்றப்பட்ட துளைகள். ராலியின் நாரைப் பேட்ஜ் அவற்றை மறைத்து, புது ரிவிட்டில் உட்கார்ந்திருந்தது. பேட்ஜ் மட்டும் அசலா நகலா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அது எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். பேட்ஜ் கழற்றி மாட்டக்கூடிய தகடு.

பெடல் சக்கரமும் அப்படியே. பழைய சைக்கிள்களில் கம்பெனி அடையாளத்தைப் பெடல் சக்கரத்திலேயே வெட்டி வைத்திருப்பார்கள். ராலிக்கு நாரை, ரட்ஜுக்குக் கை, ஹம்பருக்கு மனித உருவங்கள், பி.எஸ்.ஏ.வுக்கு எழுத்து. பார்க்க அழகு, மாற்றுவது சுலபம். பெடல் மாட்டியிருக்கும் கிராங்க்கை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டினால், கிராங்க்கும் சக்கரமும் கழன்று வந்துவிடும். பின்னில் புதுச் சுத்தியல் அடி தெரிந்தால், எதற்காகக் கழற்றினீர்கள் என்று கேளுங்கள். ஓவராயில் என்றால் சரி. ஆனால் சைக்கிள் முழுக்கத் துரு, பின் மட்டும் பளபளப்பு என்றால் யோசியுங்கள். ஹம்பரில் ஒன்று கொஞ்சம் ஆறுதல்: சில மாடல்களில் முன் ஃபோர்க்கே ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயாக இருக்கும். அதைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். பெயர் இங்கிலாந்துப் பெயர் என்பதால் சைக்கிள் அங்கே செய்ததாகாது. ராலி மேற்கு வங்கத்தில் அசன்சோலில் சென்-ராலி என்ற பெயரில் 1950களிலிருந்தே தயாரானது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் மூன்றையும் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நம் அம்பத்தூரில் செய்தது. நம் தாத்தாக்கள் ‘இங்கிலீஷ் சைக்கிள்’ என்று பெருமை பேசியவற்றில் நிறைய அம்பத்தூர் சரக்கு. அது ஒன்றும் மட்டமல்ல. பெயின்ட் கலையாத ஒரு அம்பத்தூர் ஹெர்குலிஸ் கிடைத்தால், பட்டி பூசிய பத்து ‘நாட்டிங்ஹாம்’களை விட்டுவிட்டு அதை வாங்குவேன். அட்லஸ் சோனிப்பட்டில் 1951இலும் ஹீரோ லூதியானாவில் 1956இலும் தொடங்கியவை. ஆகவே ‘சுதந்திரத்துக்கு முந்தைய ஹீரோ’ என்று யாராவது சொன்னால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு நிஜமாகவே ஒருவர் சொன்னார்.

விலையை எங்கே வைப்பது? புதுப் பெயின்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள், அதற்காக விலையைக் குறையுங்கள். மங்கிப்போன கறுப்பும், அதன் மேல் பாதி அழிந்த தங்கக் கோடும் இருக்கும் சைக்கிள்தான் தன் கதையைத் தானே சொல்லும். புதுப் பெயின்ட் அடித்தவனுக்கு மறைக்க ஏதாவது இருந்திருக்கலாம். ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டி ஃபிரேம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடிப்பு தளரும். கழுத்துக்குப் பின்னால், மேல் பாரும் கீழ்ப் பாரும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். புடைப்போ சுருக்கமோ தட்டுப்பட்டால் முன்பக்கம் எங்கேயோ பலமாக மோதிய வண்டி. இன்னொரு நூல் சோதனை: பின் அச்சு உட்காரும் ஒரு காதில் நூலைக் கட்டி, முன் கழுத்தைச் சுற்றி மறு காதுக்குக் கொண்டுவந்து இழுத்துப் பிடியுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். என்னுடையதில் ஒரு பக்கம் விரல் நுழைந்தது, மறு பக்கம் நூல் குழாயில் உரசியது.

அதற்குக் காரணமும் பெரியவரே கண்டுபிடித்தார். பின்பக்கக் குழாய்களில் யாரோ துளை போட்டுக் கனமான கேரியர் மாட்டியிருந்த தடம். சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள்ளு போகிறது. இப்போது வண்டியில் போவதற்கு முன், சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வரப்பிலும் மேட்டிலும் மிதித்த காலம் ஒன்று இருந்தது. என் துரை சைக்கிள் அநேகமாகக் கள்ளு சுமந்த சைக்கிள். உண்மையைச் சொல்லி விற்றிருந்தால் அந்தக் கதைக்காகவே நான் நல்ல விலை கொடுத்திருப்பேன்!

ரிம் விஷயத்தையும் கவனியுங்கள். துருவின் மேல் வெள்ளிப் பெயின்ட் அடித்துக் குரோமியம் என்பார்கள். நகத்தால் கீறினாலே உரியும். ஸ்போக்ஸ் எண்ணிக்கை பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி முன்னால் 32, பின்னால் 40 இருக்கும். நம்மூர்ச் சைக்கிளிலும் அதே கணக்குதான், அதை வைத்து ‘இங்கிலாந்து’ என்று யாரும் நிரூபிக்க முடியாது. சீட் போஸ்டையும் ஹேண்டிலையும் அந்த இடத்திலேயே தளர்த்தித் திருப்பச் சொல்லுங்கள். துருப்பிடித்து உள்ளே ஒட்டிப்போனதை எடுப்பது பெரிய வேலை. டயருக்குக் கவலை வேண்டாம், 28க்கு ஒன்றரை அளவு நம்மூரில் இன்றும் கிடைக்கிறது.

ஃபிரேம் நம்பர் மிக முக்கியம். சீட்டுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்திலோ, பெடல் அச்சுக் கூட்டின் அடியிலோ பெரும்பாலும் இருக்கும். அந்த இடத்தில் அரம் போட்ட தடம் இருந்தால் திருட்டு சைக்கிளாக இருக்கலாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். நம்பரை மட்டும் வைத்து வருஷத்தை அடித்துச் சொல்பவரையும் நம்பாதீர்கள். ராலியின் பழைய நம்பர்கள் ஒரே வரிசையில் போகவில்லை. பஞ்சாயத்து லைசென்ஸ் பித்தளை வில்லை ஒட்டியிருந்தால் அதுவும் அத்தாட்சி ஆகாது. அந்த வில்லைகளைத் தனியாகவே விற்கிறார்கள்.

இனிப் பணம் திரும்பக் கேட்ட படலம். முதலில் “பழைய பொருளுக்கு கேரண்டி ஏது” என்றார். பிறகு “நீங்க தமிழ்நாடு, நான் கேரளா, கேஸ் போடணும்னா இங்க வந்து போடுங்க” என்றார். எல்லையில் வியாபாரம் செய்பவர்கள் பலர் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே தப்பிக்கிறார்கள். அது உண்மை இல்லை. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டால் முதல் வழியைச் சொல்வார்கள். பழைய பொருள் என்றாலும், வியாபாரமாக விற்பவர் பொய் சொல்லி விற்றால் கேள்வி உண்டு.

அதற்குக் காகிதம் வேண்டும். என்னிடம் பில் இல்லை, அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. இருந்தது போனில் அனுப்பிய பணத்தின் பதிவு, “1946 இங்கிலாந்து ராலி, ஃபுல் ஒரிஜினல்” என்று அவரே பேசிய வாய்ஸ் மெசேஜ், முதல் நாள் எடுத்த போட்டோக்கள். நீங்கள் வாங்கும்போது வெள்ளைத் தாளிலாவது ஃபிரேம் நம்பர், கம்பெனி, சொன்ன வருஷம், கூட வரும் பாகங்கள், தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சைக்கிளை நீங்களே நின்று ஏற்றிக் கொண்டுவாருங்கள், பின்னால் அனுப்பிவைக்கிறேன் என்றால் சீட் இறங்கிவிடும்.

வக்கீல் நோட்டீஸ் போனபின் “சைக்கிளைக் கொண்டுவந்து விடுங்க, பத்தாயிரம் தர்றேன்” என்று இறங்கி வந்தார். ஒத்துக்கொள்ளவில்லை. கோவை நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அதுவரை சைக்கிளை ஒரு நட்டுக் கூடக் கழற்றாமல் வைத்திருக்கிறேன். துரை கதையைக் கேட்டு இந்தப் பக்கம் யாராவது வாங்கியிருந்தால், பேட்ஜ், ஃபிரேம் நம்பர், ஹப் முத்திரை மூன்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். இடது பக்கம் கீறல் உள்ள ப்ரூக்ஸ் சீட் உங்கள் போட்டோவிலும் இருந்தால் கண்டிப்பாக அனுப்புங்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.