சாய்ந்த மரத்துக்கு வெட்டுகிறவரிடமே குறி கேட்காதீர்கள்

தோட்டச் சுவரை ஒட்டி, சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து நின்ற எங்கள் மரம் போன மாதம் போய்விட்டது. விழவில்லை. விழும் விழும் என்று எங்களைப் பயமுறுத்தியே வெட்டிவிட்டார்கள். சாய்ந்த மரம் வைத்திருக்கிற யாராவது இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுப்பதை ஒரு நாள் தள்ளிப்போட்டால் போதும்.

மரம் வெட்டியவர் நாங்கள் கூப்பிட்டு வந்தவர் இல்லை. பக்கத்தில் ஏதோ வேலை முடித்துவிட்டுக் கதவைத் தட்டினார். "சார், அடுத்த மழைக்கு இது தாங்காது. சுவர்ல வெடிப்பு விட்டிருக்கு பாருங்க, வேர் தள்ளுது" என்றார். வெடிப்பு இருந்தது உண்மை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நடக்கிற வழி வேறு. பயப்பட அது போதாதா? மனிதர் மரத்தை ஒரு சுற்றுகூடச் சுற்றி வரவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் நாள் உச்சியை மொட்டையடித்தார்கள். "பாரம் குறைஞ்சா நிக்கும்" என்றார், கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இலையை மொத்தமாகக் கழித்தால் மரம் பட்டினி கிடக்கும், வெட்டுவாய் வழியாக அழுகல் இறங்கும், பிறகு துளிர்க்கிற கிளைகளுக்குப் பிடிப்பே இருக்காது என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. மறுநாள், சுவரைக் காப்பாற்றுகிறேன் என்று அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பள்ளம் தோண்டி, தொடை கனத்துக்கு இருந்த வேரை அறுத்தார்கள். அடிமரத்தின் விட்டத்தைப் போல 3 மடங்கு தூரத்துக்குள் பெரிய வேரில் கைவைத்தால் மரத்தின் பிடிமானமே ஆட்டம் காணும்.

மூன்றாம் நாள் வந்து, "இப்ப ரொம்ப ஆபத்து சார், முழுசா எடுத்துடணும்" என்றார். அதற்குத் தனிக் கூலி. இந்தத் தடவை அவர் சொன்னது உண்மைதான். உண்மையாக்கியதும் அவர்தான். தடியை யார் எடுத்துக்கொள்வது என்ற பேச்சே வராமல் அது அவர் வண்டியில் ஏறிப் போயிற்று.

மிஞ்சிய அடிக்கட்டையைக் கழுவிவிட்டுப் பார்த்தேன். பொந்து இல்லை, அழுகல் இல்லை. வளையங்கள் சுவர்ப் பக்கம் நெருக்கமாகவும் எதிர்ப் பக்கம் அகலமாகவும் இருந்தன. நடுப்புள்ளி சுவர்ப் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. அகன்ற இலை மரங்கள் சாய்ந்தால், சாய்வுக்கு மேல்பக்கம் கட்டையைக் கூடுதலாக வளர்த்துத் தங்களை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஊசியிலை மரங்களில் இது தலைகீழ், கீழ்ப்பக்கம் தடிக்கும். எங்கள் மரம் வருடக்கணக்காக அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

கட்டையைப் பார்க்காமலேயே இதை ஊகித்திருக்கலாம். அடியில் சாய்ந்து, ஆள் உயரத்துக்கு மேல் வளைந்து நிமிர்ந்திருந்தது. பழைய சாய்வின் அடையாளம் அது. கம்பம் போல நேராக இருந்த மரம் அடியோடு ஒரு பக்கம் சரிந்தால்தான் புதுச் சாய்வு. அப்போது சாய்வுக்கு எதிர்ப் பக்கத்து மண்ணைப் பாருங்கள். மேடு தட்டியிருந்தாலோ கீறல் விட்டிருந்தாலோ வேர் தூக்குகிறது என்று அர்த்தம். உடனே ஆட்களை விலக்கிவிட வேண்டும். அடியில் காளான் முளைத்திருந்தாலும், மரச்சுத்தியலால் தட்டினால் பறை மாதிரி ஒலித்தாலும் சும்மா விடக்கூடாது. சந்தேகம் என்றால் கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அடிமரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குறித்து வையுங்கள். சில வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளந்தால் நகர்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அப்படியும் பயம் போகாவிட்டால், வெட்டுக்கூலி வாங்காத, பார்த்துச் சொல்வதற்கு மட்டும் காசு வாங்குகிற ஒருவரைக் கூப்பிடுங்கள்.

அந்த வெடிப்பு? மரத்தை எடுத்த அன்றே அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். போன மழைக்குப் பிறகு பார்த்தால் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருக்கிறது. கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் கொட்டுவது நேராக அந்த இடத்து அஸ்திவாரத்தில்தான்.