டெண்டன் போன குதிரையை 14 மாதம் விட்டிருந்த லாயம்: எங்கள் அனுபவம்

டெண்டன் (காலின் தசைநாண்) கிழிந்த குதிரையை எங்கே விட்டீர்கள், அந்த இடம் எப்படி என்று குதிரை வைத்திருக்கும் நாலைந்து பேர் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். எங்கள் குதிரை ராணியை 14 மாதம் ஒரு லாயத்தில் விட்டிருந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போகும் மண் சாலையில் இருக்கிறது. நடத்துபவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, பல வருடம் ஷோ ஜம்பிங் (குதிரையில் தடை தாண்டும்) போட்டிகளில் ஓட்டியவர், இப்போது அடிபட்ட குதிரைகளைத் தேற்றுவதுதான் அவருடைய முழுநேர வேலை. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஒரு நேரத்தில் எட்டு குதிரைக்கு மேல் எடுப்பதில்லை, அதற்கே வரிசை நிற்கிறது. உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

முதலில் எங்கள் கதை. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு ஃபவாத் மிர்சா ஈவென்டிங் (மூன்று பிரிவுக் குதிரையேற்றம்) போட்டியில் ஜம்பிங் இறுதிச் சுற்று வரை போய் 23ஆம் இடம் வந்தாரே, அதைப் போனில் பார்த்துத்தான் என் மகளுக்கு இந்த ஆசை பிடித்தது. ராணி கிண்டியில் ஐந்து வயது வரை ஓடிய தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்). ரேஸை விட்டு வெளியே வந்த குதிரை என்றால் விலை குறைவு, அதனால்தான் எங்களைப் போன்ற சம்பளக்காரக் குடும்பத்துக்கு எட்டியது. இரண்டு வருடத்தில் இருவரும் 90 சென்டிமீட்டர் வரை தாண்டினார்கள். அப்புறம் ஒரு நாள் ராணி தடைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். மறுநாளும் நின்றாள். அப்போது நாங்கள் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த இடத்தில், "கெட்ட பழக்கம் வந்துவிட்டது, கடிவாளத்தை மாற்றுங்கள், குச்சி வைத்துக்கொண்டு ஏறுங்கள்" என்றார்கள். நாங்களும் கேட்டோம். ஆறு வாரம் அப்படியே ஓட்டினோம். டிசம்பர் மாதம் ஒரு காலையில் இடது முன்னங்காலின் பின்பக்கம் வில் மாதிரி வளைந்து வீங்கியிருந்தது, தொட்டால் சுட்டது.

டெண்டன் என்று லாயத்தில் சொல்வார்கள், தமிழில் தசைநாண். குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசை என்று ஒன்றும் கிடையாது. எலும்பு, நாண், தோல், அவ்வளவுதான். தடையைத் தாண்டி இறங்கும்போது 450, 500 கிலோ உடம்பு ஒரு கணம் ஒரே முன்னங்காலில் வந்து இறங்குகிறது. அதைத் தாங்குவது இந்த நாண்தான். ரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் கிழிந்தால் ஆறுவதற்கு 9 மாதம், ஒரு வருடம் ஆகும், ஆறினாலும் பழைய இழுவை திரும்பி வராது. ஸ்கேனில் நாணின் நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை தெரிந்தது. டாக்டர் நேராகவே சொன்னார்: அவசரப்பட்டால் திரும்பக் கிழியும். வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. கால் போன குதிரையை யார் வாங்குவார்கள், வாங்கினால் எதற்கு வாங்குவார்கள் என்பது தெரிந்த எவருக்கும் அதைச் செய்ய மனசு வராது.

அந்த அம்மாவிடம் போனில் பேசியபோது ஸ்கேன் படத்தைப் பற்றி அவர் முதலில் கேட்கவே இல்லை. "போன தடவை கழற்றின லாடம் இருக்கா சார்? இருந்தா எடுத்துட்டு வாங்க. சேணமும் வேணும்" என்றார். நல்ல வேளையாக மகள் பழைய லாடத்தை நிலைவாசலுக்கு மேலே மாட்டி வைத்திருந்தாள், கழற்றி எடுத்துக்கொண்டு போனோம்.

அந்த முதல் நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டியிலிருந்து இறக்கியதும் காலைத் தொட்டுப் பார்ப்பார் என்று நினைத்தேன். பேசாமல் ஒரு கட்டை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் ராணி புல் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் காலை முன்னால் வைக்கிறாள், எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று பார்த்தாராம். பிறகு லாடத்தைக் கையில் வாங்கி என் மகளிடம் நீட்டினார். "பாப்பா, முன்பக்கத்தைத் தடவிப் பாரு." முன்விளிம்பு கத்தி மாதிரி தேய்ந்திருந்தது, பின்பக்கம் கிட்டத்தட்ட புதுசு. குளம்பின் முன்பகுதி நீண்டு வளர்ந்து குதிகால் தாழ்ந்துபோயிருக்கிறது, அப்படி இருந்தால் ஒவ்வொரு அடியிலும் பின்பக்க நாண் கூடுதலாக இழுபடும், இது பல மாதமாக நடந்துகொண்டிருக்கிறது என்றார். அப்புறம் பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரலை வைத்து முடியை விலக்கிக் காட்டினார். செம்பழுப்பு முடிக்கு நடுவே சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெள்ளை முடி. இரண்டு வருடம் தினமும் அந்த முதுகைத் தேய்த்தவர்கள் நாங்கள், பிறவி மச்சம் என்றே நினைத்திருந்தோம். சேணம் அழுத்தி அழுத்தி முடிக்கு நிறம் தரும் செல்கள் செத்துப்போய் வெள்ளையாக முளைத்த முடி அது. "இவ நின்னது திமிருக்கு இல்ல சார். முதுகு வலி, அதனால சரியா குதிக்க முடியல, அதனால முன்னங்கால்ல பாரம், அதுதான் இப்ப கிழிஞ்சிருக்கு." மகள் அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கும் அந்த ஆறு வாரமும் கண் முன்னால் வந்தது.

இதெல்லாம் அவர் ஜம்பிங் ஓட்டியதால் வந்த கண். அவரே ஒருமுறை சொன்னார், அவருடைய நல்ல குதிரை ஒன்று போட்டிகளில் மூன்று வாரம் தொடர்ந்து முன்னங்காலால் கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்ததாம். ஷோ ஜம்பிங்கில் ஒரு கட்டை விழுந்தால் 4 புள்ளி அபராதம், நாலு புள்ளியில் பதக்கமே போய்விடும். காலைத் தூக்கச் சோம்பல்படுகிறது என்று நினைத்து பயிற்சியில் தடையை இன்னும் உயர்த்தியிருக்கிறார். ஒரு நாள் தாண்டி இறங்கிய இடத்திலேயே கால் போய்விட்டது. அந்தக் குதிரையை அவரே வைத்துத் தேற்றியதுதான் இந்த வேலைக்கு ஆரம்பம். கடைசி வரை அது அவரிடமே இருந்தது.

சரி, சிகிச்சைக்கு வருவோம். முதல் மூன்று மாதம் ஏறவே கூடாது. கையில் பிடித்து நடை மட்டும், காலையும் மாலையும் 10 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். லாயத்துச் சுவரில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு கரும்பலகை இருக்கிறது, எத்தனை நிமிடம் நடந்தது, கால் சூடு எப்படி, சாணம் எப்படி, எல்லாம் சுண்ணாம்புக் கட்டியில் எழுதியிருக்கும். அங்கே இருக்கும் சைஸ் (குதிரைக்காரர்) அண்ணன் தினமும் வேலை தொடங்கும் முன் இரண்டு முன்னங்காலையும் புறங்கையால் தடவி ஒப்பிட்டுப் பார்க்கிறார். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியுமாம். ஒரு கால் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலும் அன்றைக்கு நடை கிடையாது, தண்ணீர் ஊற்றுவதோடு சரி.

கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது, மெத்தென்ற மணலில் நடக்கவிட்டால் நல்லதாயிற்றே என்று நான் கேட்டேன். புதையும் மணலில் குதிகால் உள்ளே இறங்கி நாண் இன்னும் நீளமாக இழுபடும் என்று மறுத்துவிட்டார். சமமான, கெட்டியான தரையில் நேர்கோட்டில் மட்டும் நடை, வட்டம் சுற்றவிடுவது அறவே கிடையாது.

தீனியையும் மாற்றினார்கள். ரேஸ் குதிரைக்குக் கொடுக்கிற மாதிரி ஓட்ஸை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். குதிரையின் வயிற்றில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், வெறும் வயிற்றில் ஓட்டினால் அது மேலே தெறித்துப் புண்ணாக்கும். அதனால் ஓட்ஸ் குறைந்தது, உலர்புல் நாள் முழுக்க, ஊறவைத்த கொள்ளு கொஞ்சம், வேலைக்கு முன்னால் இரண்டு கைப்பிடி குதிரைமசால். இரண்டே மாதத்தில் தோலில் பளபளப்பு வந்துவிட்டது.

ஏப்ரலில் ஸ்கேன் எடுத்தபோது ஓட்டை பாதி மூடியிருந்தது. ஏறி நடை மட்டும் போனார்கள். ஜூலையில் ட்ராட் (துள்ளுநடை), செப்டம்பர் கடைசியில் கேன்டர் (மெதுவான பாய்ச்சல்). அதுவரை நன்றாகத்தான் போனது.

இப்போது குறைகள். தீபாவளி வாரத்தில் பக்கத்துத் தோப்பில் வெடித்த வெடிக்கு ராணி மிரண்டு வெளியே திறந்தவெளியில் தறிகெட்டு ஓடியிருக்கிறாள், கால் மறுபடி சூடேறிவிட்டது. அந்த வாரம் முழுக்கக் குதிரைகளை உள்ளே கட்டியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தப்பு, எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன் என்றார், தன் தப்புதான் என்றும் ஒப்புக்கொண்டார், அதனால் வீணான மூன்று வாரத்துக்குப் பணம் வாங்கவில்லை. இருந்தாலும் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. போனை எடுக்கவே மாட்டார், செய்தி அனுப்பினால் ராத்திரி ஒரு வரி பதில் வரும். பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுவார். ஐப்பசி மழையில் அந்த மண் சாலையில் கார் போகாது, கடைசி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மாதம் 28 ஆயிரம், அதில் டாக்டர், ஸ்கேன், மருந்து சேராது. லாடம் சேரும், ஐந்து வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் அடிக்கிறார்கள். எங்களுக்கு அது பெரிய தொகை, மகளின் புதுச் சேணத்துக்கு வைத்திருந்த பணமும் வீட்டு நகை ஒன்றும் இதில் போனது.

ஓட்டுகிறவருக்கும் அங்கே பாடம் உண்டு, அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. மகளைக் குதிரையில் ஏற்றாமலே நாலு ஞாயிற்றுக்கிழமை தரையில் நடக்கவைத்தார். குதிரையின் ஒரு கேன்டர் அடி சுமார் 3.6 மீட்டர், நம் நடையில் நாலு பெரிய எட்டு. இரண்டு தடைக்கு நடுவே எட்டு வைத்து நடந்து எண்ணி, இறங்குவதற்கு இரண்டு எட்டு, அடுத்ததற்கு எழும்புவதற்கு இரண்டு எட்டு கழித்து, மீதியில் குதிரைக்கு எத்தனை கேன்டர் அடி வரும் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் திரும்ப நடை. தூரம் தப்பினால் குதிரைதான் தன் காலை வைத்துச் சரிசெய்யும், அந்தக் கணக்கு உன் தலையில் இருக்க வேண்டும் என்பார்.

மகள் ஒருநாள் சோர்ந்து, ரேஸ் குதிரையெல்லாம் ஜம்பிங்குக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று கேட்டாள். டச் ஆஃப் கிளாஸ் கதையைச் சொன்னார். ரேஸில் தேறாத ஒரு சின்ன பெண்குதிரை, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜோ ஃபார்கிஸ் அதை ஓட்டித் தனிநபர், அணி இரண்டு தங்கமும் வாங்கினார், அந்த ஒலிம்பிக்கில் 91 முறை எழும்பியதில் 90 தடவை கட்டையைத் தட்டவில்லை. 1949இல் சிலி நாட்டில் 2.47 மீட்டர் தாண்டிய ஹுவாசோவும் ரேஸிலிருந்து வந்த குதிரைதான், அந்தச் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. இதைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே, "ஆனா நம்ம ராணிக்கு ஒரு மீட்டருக்கு மேல வேண்டாம், எப்பவுமே வேண்டாம்" என்றார். எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இதைவிட நேர்மையாக யாரும் எங்களிடம் பேசியதில்லை.

ஜனவரியில் தரையில் கட்டைகளைப் போட்டு நடந்தார்கள், பிப்ரவரியில் 50 சென்டிமீட்டர், மார்ச்சில் கூட்டி வந்தோம். இப்போது 80 தாண்டுகிறாள். தடையைப் பார்த்ததும் காது இரண்டும் முன்னால் வருகிறது, அடிபடுவதற்கு முந்தின ஒரு வருடமாக அதை நாங்கள் பார்க்கவே இல்லை. போட்டி சீசனுக்குள் குதிரை தயாராக வேண்டும் என்று தேதி வைத்துக்கொண்டு போகிறவர்களை அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார், நான் கண்ணால் பார்த்தேன். சின்னச் சுளுக்குக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். டெண்டன் என்றால், தீபாவளியை மனதில் வைத்துக்கொண்டே சொல்கிறேன், நான் திரும்பவும் அங்கேதான் போவேன். போகிறவர்கள் தீபாவளி வாரம் குதிரை எங்கே கட்டியிருக்கும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அப்புறம் லாடக்காரர் கழற்றும் பழைய லாடத்தைத் தூக்கிப் போடாதீர்கள், எந்தக் காலுடையது என்று எழுதி நாலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.